குதிரையின் நெஞ்சும் எண்ணின் நெஞ்சும்

நாளை நிகழவிருப்பதை இன்றே அறிந்துவிட வேண்டும் என்னும் வேட்கை மனிதனோடு உடன் பிறந்தது. உழவன் மேகத்தைப் பார்த்தான். மீனவன் காற்றின் திசையைப் பார்த்தான். பெண்ணைப் பெற்றவர் சாதகக் கட்டத்தைப் பார்த்தார். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவன் பார்ப்பது ஒரு தாளை. மறுநாள் ஓடவிருக்கும் குதிரைகளின் பெயர்களும், அவற்றுள் எது முந்தக்கூடும் என்று விவரம் தெரிந்த ஒருவர் எழுதிய முன்கணிப்பும் அதில் இருக்கும். ‘டிப்ஸ்’ என்று மக்கள் வழங்குவது அதனைத்தான். அந்தச் சிறு தாளுக்குள் எவ்வளவு அறிவு அடங்கும், எவ்வளவு அடங்காது என்பதை எண்ணிப் பார்ப்பது வீண் வேலையன்று. எத்தனையோ குடும்பங்களின் அரிசிப் பானை அந்த எண்ணத்தைச் சார்ந்து இருந்திருக்கிறது.

ஜொகூர் மக்களுக்கு இத்தாள் புதிதன்று. நீரிணையின் அக்கரையிலே, சிங்கப்பூரில், 1842ஆம் ஆண்டு பந்தயக் கழகம் தோன்றியது. மறு ஆண்டே முதற் பந்தயம் நடந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டியிருந்த சதுப்பு நிலம் அக்கழகத்தின் முதல் திடலாயிற்று. தமிழர் கடைவீதிக்கு அண்மையில் ‘ரேஸ் கோர்ஸ் சாலை’ என்னும் பெயர் இன்றும் நிலைத்திருப்பது அதனாலேதான். 1924இல் ஜொகூர் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. 1933இல் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது. அக்கரைப் பந்தயம் அதன்பின் இக்கரை மக்களுக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவே ஆயிற்று. 1999இல் திடல் கிராஞ்சிக்கு மாறியபோது, பாலத்திற்கு அது இன்னும் நெருங்கி வந்தது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 181 ஆண்டுக் குளம்பொலி அன்றோடு ஓய்ந்தது. திடல் ஓய்ந்தது, டிப்ஸ் தேடும் கண்கள் ஓயவில்லை. முன்பு தாளில் தேடியதை இப்பொழுது கைப்பேசியில் தேடுகின்றன.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மக்கள் கண்டுவந்தவை சமதரை ஓட்டங்கள். தடை தாண்டும் பந்தயம் என்பது வேறொரு வகை. இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்சு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஆகிய இடங்களில் அது இன்றும் நடைபெறுகிறது. 1752ஆம் ஆண்டு அயர்லாந்தில் இருவர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து மற்றொரு தேவாலயக் கோபுரம் வரை, வேலி, பள்ளம், சுவர் எது குறுக்கிட்டாலும் தாண்டிக் குதிரை விட்டனர் என்றும், அதிலிருந்தே இப்பந்தயம் வளர்ந்தது என்றும் கூறுவர். முன்கணிப்பின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேர அறிய விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

தடை தாண்டும் பந்தய நாளுக்கு முன்கணிப்பு எழுதுகிறவர் முதலில் மண்ணைக் கேட்கிறார். மழையில் ஊறிய தரையா, இறுகிய தரையா? சேற்றில் சளைக்காத குதிரை இறுகிய தரையில் பின்தங்கும். அடுத்துத் தொலைவைப் பார்க்கிறார். மூன்று கிலோமீட்டரில் மின்னலாய்ப் பாய்ந்தது ஐந்தாவது கிலோமீட்டரில் மூச்சிழக்கலாம். பின்னர்ச் சுமை. வல்ல குதிரைக்கு மிகுந்த எடையும் மெலிந்த குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றி இரண்டையும் சமன்செய்யும் முறை இப்பந்தயங்கள் பலவற்றில் உண்டு. அதன்பின் பழைய ஓட்டங்களின் வரலாறு. அந்த வரலாற்றில் எண்களுக்கிடையே ஆங்கில எழுத்துகளும் தலைகாட்டும். ‘எஃப்’ என்றால் குதிரை விழுந்தது. ‘யு’ என்றால் ஓட்டி சேணத்திலிருந்து தவறினார். ‘பி’ என்றால் இயலாதெனக் கண்டு பாதியிலேயே இழுத்து நிறுத்தினார். அந்த ஒற்றை எழுத்து, அடுத்த வேலியில் என்ன நேரும் என்பதற்கு ஓர் எச்சரிக்கை. இத்தனையையும் நிறுத்துப் பார்த்து ஒரு பெயரை எழுதுவது எளிய கலையன்று. அறிவும் பொறுமையும் வேண்டும் கலை அது.

அறிவுக்குப் பயனும் உண்டு. லிவர்ப்பூல் நகரை அடுத்த எயின்ட்ரியில் 1839 முதல் நடந்துவரும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் 30 முறை வேலி தாண்ட வேண்டும். அப்பந்தயத்தை ‘ரெட் ரம்’ என்னும் குதிரை 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றது. மூன்று முறை வென்றதைத் தற்செயல் என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆயினும் அதே திடலில்தான் 1967இல் வேறொன்றும் நிகழ்ந்தது. 23ஆவது வேலியில், ஓட்டியை இழந்து வெறுமனே ஓடிய குதிரையொன்று குறுக்கே திரும்ப, முன்னணியில் வந்த குதிரைகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றுவிட்டன. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ‘ஃபாய்னவன்’ என்னும் குதிரையை அதன் ஓட்டி இடைவெளி பார்த்துச் செலுத்தி, முதலாவதாகக் கொண்டு வந்துவிட்டார். ஒன்றுக்கு நூறு என்று விலை கூறப்பட்ட குதிரை அது. மண், தொலைவு, சுமை ஆகிய மூன்றையும் பழுதறக் கணித்தவர்களின் தாள்கள் அந்த ஒரு வேலியில் கிழிந்து போயின. வேகம் குறைந்ததே அன்று அக்குதிரைக்கு வெற்றியைத் தந்தது என்பதை எந்த அறிஞர் முன்னதாக எழுதியிருக்க முடியும்?

தடை தாண்டும் குதிரையைக் கண்ணாலும் பாராமலே இவ்வுண்மையை உணர்ந்த கிராணி ஒருவர், புக்கித் தீமாவில் பந்தயம் ஓடிய காலத்தில், ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலையில் ஆங்கில நாளிதழ் வந்து சேர்ந்ததும், பால்மரம் வெட்டும் தொழிலாளர் சிலர் அவர் வீட்டுத் திண்ணையில் கூடுவர். “கிராணி ஐயா, நாளைக்கு எது வரும்?” என்பதே கேள்வி. அவர் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுப்பார். எட்டு ஓட்டங்கள் இருந்தால் இரண்டுக்கோ மூன்றுக்கோதான் குதிரையின் பெயர் இருக்கும். மற்றவற்றுக்கு எதிரே ‘விட்டுவிடு’ என்று எழுதியிருக்கும். பலர்க்கு அது பிடிப்பதில்லை. பெயர் எழுதாத ஓட்டங்களுக்குத் தாமே ஒரு பெயரைத் தேர்ந்து பணம் கட்டுவர். தோற்றபின் தாளைக் குறை கூறுவர்.

ஒருநாள் அவர்களுள் ஒருவரின் மனைவி கிராணியைத் தேடி வந்தார். “ஐயா, அவரு உங்க எழுத்த மட்டுந்தான் நம்புறாரு. எல்லா ஓட்டத்துக்கும் ‘விட்டுவிடு’ன்னு எழுதிக் குடுத்துடுங்க” என்றார். கிராணி நெடுநேரம் பேசவில்லை. “தங்கச்சி, தெரிஞ்சதத் தெரியலேன்னு எழுதினா, அப்புறம் நான் எழுதுற எதுக்கும் மதிப்பிருக்காது. வேற வழி பாக்குறேன்” என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் முதல் அந்தக் கணவரைத் தம் அருகில் அமர்த்தி, ஒரு பள்ளிக்கூட நோட்டில் கணக்கு எழுதச் செய்தார். பணம் கட்ட வேண்டியதில்லை. கட்டியதாக வைத்துக்கொண்டு, வந்ததையும் போனதையும் வாரந்தோறும் குறிக்க வேண்டும். சில மாதங்கள் சென்றன. கிராணி சொன்ன குதிரைகள் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாகவே வென்றிருந்தன. திண்ணையில் இருந்தோர் வியந்தனர். ஆனால் அடிக்கோடிட்டுக் கூட்டிப் பார்த்தபோது, போனது மிகுதியாகவும் வந்தது குறைவாகவும் இருந்தது.

வென்றும் இழப்பது எங்ஙனம்? டோட் என்னும் முறையில் கட்டியோர் பணம் யாவும் ஒரே தொகையாகத் திரளும். அரசுக்கும் கழகத்துக்கும் உரிய பங்கைக் கழித்த பின்னரே, எஞ்சியது வென்றவர்களுக்குப் பகிரப்படும். 100 வெள்ளி திரண்டு, அதில் 20 வெள்ளி கழிக்கப்பட்டதாகக் கொள்வோம். எஞ்சுவது 80. எல்லாரும் நல்லதென்று நம்பும் குதிரையின்மேல் 32 வெள்ளி கட்டப்பட்டிருந்தால், அது வெல்லும்போது ஒரு வெள்ளிக்குக் கிடைப்பது இரண்டரை வெள்ளி. பெரும்பாலோர் நம்பும் குதிரை ஏறக்குறைய மூன்று ஓட்டங்களுக்கு ஒன்றில் வெல்லும் என்பது உலகெங்கும் கண்ட வழக்கம். ஆகவே மூன்று ஓட்டங்களுக்கு மூன்று வெள்ளி கட்டியவர் கையில் திரும்புவது இரண்டரை வெள்ளியே. குறிப்பு எவ்வளவு நல்லதோ அவ்வளவு பேர் அதனை நம்புவர்; எவ்வளவு பேர் நம்புகின்றனரோ அவ்வளவுக்குப் பங்கு சிறுக்கும். ஊரறிந்த அறிவுக்கு விலை முன்னதாகவே கழிக்கப்பட்டுவிடுகிறது.

நளன் கதை தமிழர் அறியாததன்று. அவன் குதிரையின் நெஞ்சறிந்தவன். தேர் செலுத்துவதில் அவனுக்கு நிகரில்லை. ஆயினும் சூதில் நாட்டை இழந்தான். இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாய்ச் சென்றபோது, அம்மன்னன் ஓடும் தேரிலிருந்தே தான்றி மரத்தின் காயையும் இலையையும் எண்ணிக் கூறக் கண்டு வியந்தான். நளன் குதிரை நூலைக் கொடுத்து, மன்னனிடமிருந்து எண்ணின் நெஞ்சைப் பெற்றுக்கொண்டான். அந்நொடியில்தான் அவனைப் பற்றியிருந்த கலி விலகிற்று. குதிரையை அறிவது ஓர் அறிவு. எண்ணை அறிவது மற்றோர் அறிவு. முன்னது மட்டும் உடையவனைக் கலி விடுவதில்லை என்பதே கதை உணர்த்தும் கருத்து. வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே தோல்வியைக் காட்டிலும் வெற்றியையே அவர் மிகுதியாக அஞ்சினார்.

நோட்டில் கணக்கெழுதிய அந்தத் தொழிலாளி பந்தயத்தை அடியோடு கைவிட்டாரல்லர். சம்பள நாளில் பணத்தை முதலில் மனைவியிடம் கொடுக்கும் பழக்கம் அவருக்கு வந்தது. அவர் கொடுத்த செலவுக் காசில், தாளில் பெயருள்ள ஓட்டங்களுக்கு மட்டும் கட்டினார். அரிசிக் கடைப் பற்று மெல்லக் குறைந்தது. அவ்வளவே மாற்றம்; ஒரு குடும்பத்துக்கு அது சிறு மாற்றமன்று.

இன்று கைப்பேசியில் வந்து குவியும் டிப்ஸ்களில் எட்டு ஓட்டங்களுக்கும் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. ‘நிச்சயம்’ என்னும் சொல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிற்கிறது. தாண்ட வேண்டிய வேலிகளைப் பற்றிய பேச்சே இல்லை. முன்கணிப்பாளரின் தகுதியை அறிய அவர் எழுதிய பெயர்களைப் பார்ப்பதைவிட, அவர் எழுதாமல் விட்ட ஓட்டங்களை எண்ணிப் பார்ப்பது நன்று. ‘விட்டுவிடு’ என்று எழுதத் தெரிந்த கைக்கே ஒரு பெயரை எழுதும் உரிமை உண்டு.