15-க்கு எத்தனை?

நர்ஸிங் படிப்பில் மூளையைப் பற்றி நிறைய மனப்பாடம் செய்திருந்தேன். மதுரைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் நியூரோ ஐசியூவில் டியூட்டி போட்ட பிறகு, மூத்த சிஸ்டர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நோயாளியிடம் கேள்வி கேட்க.

1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் வகுத்த நினைவு அளவுகோல்தான் எங்கள் வார்டின் மொழி. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக 15. எதுவுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. “மொத்தத்தை மட்டும் சொல்லாதம்மா, பிரிச்சுச் சொல்லு” என்பார் சிஸ்டர். 10 என்று சொன்னால் போனது பேச்சா, கையா என்று அடுத்த ஷிஃப்ட்காரிக்கு எப்படித் தெரியும்?

பேச்சுக்கு முழு மதிப்பெண் போட, தான் யார், எங்கே இருக்கிறோம், என்ன மாதம் என்பதை நோயாளி சொல்ல வேண்டும். மூளைக் கட்டி எடுத்திருந்த ஒரு மூதாட்டியிடம், என்னோடு சேர்ந்தவள் “உங்க வீட்டுக்காரர் பேரென்ன?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியாது தாயி” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் ‘குழப்பம்’ என்று எழுதப் போனாள். சிஸ்டர் குனிந்து, “அப்பத்தா, மூத்தவன் பேரென்ன?” என்றார். மகன், மருமகள், பேரன்கள் எல்லார் பெயரும் வரிசையாக வந்தன. புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது. மாதம் கேட்டாலும் அப்படித்தான். ஜனவரி வராது, “தை பொறந்துருச்சா?” என்றால் பதில் வரும்.

பிறகு வடிகுழாய். மூளையில் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் நீர் சுரக்கிறது. அது வடிய வழியில்லாதவருக்குத் தலைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாயை வெளியே எடுத்து விட்டிருப்பார்கள். அதன் அளவுகோலில் உள்ள பூஜ்யம் நோயாளியின் காதுத் துளை மட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று எங்கள் டிராலியிலும் உண்டு. கட்டிலைச் சற்று ஏற்றினாலும் மறுபடி மட்டம் பார்ப்போம். நீர் வந்து சேரும் சேம்பர் தாழ்ந்துவிட்டால் நீர் மளமளவென்று வடிந்து மூளையைச் சுற்றி ரத்தம் கசியக்கூடும். புரட்டிப் படுக்க வைக்கும் முன் குழாயை மூட வேண்டும். மூடிய கையே திறக்க வேண்டும் என்பது எங்கள் வார்டுச் சட்டம்.

தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவது, கழுத்து மடங்காமல் நேராக வைப்பது எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். மலச்சிக்கலைப் பற்றிக் காலையில் இத்தனை அக்கறையாக விசாரிக்கும் வார்டு வேறு இருக்காது. முக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும்.

பழக நாளானது தூக்கத்தைச் சந்தேகப்படத்தான். “இப்பத்தான் அசந்து தூங்குறாரு, எழுப்பாதீங்க சிஸ்டர்” என்று உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள். ஓர் இரவு, பெயர் சொன்னதும் கண் திறந்துகொண்டிருந்தவருக்கு அடுத்த மணி நேரத்தில் தோள்பட்டையைக் கிள்ள வேண்டியிருந்தது. இரு கண்மணிகளும் சமமாகவே இருந்தன, நாடியும் சரி. ஆனாலும் சிஸ்டர் டாக்டரை எழுப்பினார். ஸ்கேனில் ரத்தக்கட்டு, விடியும் முன் நோயாளி மறுபடி தியேட்டருக்குப் போனார். கண்மணி விரிவது, ரத்த அழுத்தம் ஏறி நாடித்துடிப்பு குறைவது எல்லாம் பெரும்பாலும் பிந்தி வரும் அடையாளங்கள். அதுவரை காத்திருப்பவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது தலையில் ஆபரேஷன் என்றால், நர்ஸ் எழுப்புவதைத் தடுக்காதீர்கள். விழுங்க முடிகிறதா என்று நாங்கள் பார்க்கும்முன் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடலாம். அவருக்குக் காது மந்தமா, கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, இடது கைப் பழக்கமா, வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்பதையெல்லாம் நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.