கடன் ஏட்டில் ஒரு பக்கம்

நுழையும்முன்

சமயம் வழிபாட்டிடத்தில் தொடங்கலாம். அங்கேயே முடிந்துவிடக் கூடாது. அடுப்படியிலும் கடைத்தெருவிலும் வகுப்பறையிலும் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே அதன் உரைகல். கத்தோலிக்க மரபு போற்றும் இரக்கம் ஒரு சிற்றூர்க் கடையில் எவ்வாறு வாழ்ந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

'இரங்குதல்', 'இறங்குதல்' ஆகிய இரு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. இலக்கணம் இவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். வாழ்க்கையிலோ ஒன்று இல்லாமல் மற்றொன்று நிகழ்வதில்லை. தாம் நிற்கும் மேட்டிலிருந்து இறங்காதவரால் பள்ளத்தில் இருப்பவருக்காக இரங்க இயலாது. எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் சொல், தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேரில் கிளைத்தது. வள்ளுவர் இப்பண்பை 'அருளுடைமை' எனத் துறவறவியலிலும், 'கண்ணோட்டம்' எனப் பொருட்பாலிலும் வைத்துப் பேசுகிறார். முற்றும் துறந்தவருக்கு மட்டுமன்று, நாடாள்பவருக்கும் அது வேண்டும் என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இரக்கச் செயல்கள் பதினான்கையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். பசித்தோர்க்கு உணவு தருதல், தாகமுற்றோர்க்கு நீர் தருதல், ஆடையற்றோரை உடுத்துதல், வீடற்றோரை ஏற்றல், நோயுற்றோரைக் காணச் செல்லுதல், சிறையிலிருப்போரைச் சந்தித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் ஆகிய ஏழும் உடலைச் சார்ந்தவை. அறியாதோர்க்குக் கற்பித்தல், ஐயுறுவோர்க்கு அறிவுரை கூறல், தவறுவோரைத் திருத்துதல், துயருறுவோரைத் தேற்றுதல், தீங்கிழைத்தோரை மன்னித்தல், பிறர் தரும் தொல்லைகளைப் பொறுத்தல், வாழ்வோர்க்காகவும் இறந்தோர்க்காகவும் மன்றாடுதல் ஆகிய ஏழும் உள்ளத்தைச் சார்ந்தவை. முதல் ஆறும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பைப் பற்றி இயேசு கூறும் பகுதியிலிருந்து பெறப்பட்டவை. இறந்தோரை அடக்கம் செய்யும் ஏழாம் செயல் தோபித்து நூலை அடியொற்றிப் பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வமோ உயர்பதவியோ தேவையில்லை. சோறும் நீரும் துணியும் நேரமும் பொறுமையுமே மூலதனம். பட்டியலை நான் கற்றது கோயில் முற்றத்தில். அதன் பொருளைக் கற்றது என் தந்தையாரின் மளிகைக் கடையில்.

எங்கள் ஊர், தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் அமைந்த சிற்றூர். பனையே அவ்வூரின் வாழ்வு. பதனீர்ப் பருவத்தில் கருப்பட்டி காய்ச்சி விற்றுக் காசு காண்பார்கள்; ஏனைய மாதங்களில் கடனுக்குப் பொருள் வாங்குவார்கள். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் என ஒவ்வொன்றும் தந்தையாரின் நீள ஏட்டில் ஏறும். பருவம் வந்ததும் பாக்கி தீரும். நம்பிக்கையைத் தவிர இதற்கு வேறு பிணை கிடையாது.

தந்தையார் பங்குக் கோயிலின் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் உறுப்பினர். ஏழை வீடுகளை இருவர் இருவராகச் சென்று காண்பது அச்சபையாரின் முதற்பணி. அவர்கள் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையைப் பைக்குள் விட்டுத் திறந்து எடுப்பார்கள். யார் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியாது. அன்று கையில் காசே இல்லாதவரும் மற்றவரைப் போலவே கையை விட்டு எடுக்கலாம். கொடுப்பவர் பெருமை கொள்ளவும் கொடுக்க இயலாதவர் கூனிக் குறுகவும் இடம்தராத அந்தத் துணிப்பை, நான் கண்ட அறநூல்களுள் ஒன்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஓராண்டில், பனையேறி ஒருவர் மரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தார். மனைவியும் மூன்று குழந்தைகளும் எஞ்சினர். அவர் பெயரில் ஏட்டில் 340 ரூபாய் பாக்கி நின்றது. அந்நாளில் எங்களைப் போன்ற கடைக்கு அது சிறு தொகையன்று. மேலும் பல வீட்டுப் பாக்கிகளும் வாராமல் நின்றன. நகரத்து மொத்த வணிகரோ பழைய பணத்தைக் கட்டினால்தான் புதுச் சரக்கு என்று கூறிவிட்டார்.

அன்றிரவு அம்மா கேட்டார்: "ஊரு அடுப்பு எரியணும், சரிதான். நம்ம வீட்டு அடுப்பும் எரியணும்லா?" அது கடுஞ்சொல் அன்று, நியாயமான கேள்வி. தந்தையாரிடம் மறுமொழி இல்லை. சோறு சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிக்கலயத்தில் எடுத்து வைப்பவர் அம்மா. அக்கலயம் எவருக்காக நிறைகிறது என்பதை அவர் அறிவார். விடிந்ததும் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் கணக்கேட்டின்மேல் வைத்தார். அடகுக்குப் போன அந்தக் கம்மல் வீடு திரும்பவில்லை. நெடுங்காலம் ஈர்க்குச்சி செருகிய காதுகளோடுதான் அவர் பூசைக்குச் சென்றார். இறந்தவரின் மனைவி கடைக்கு வரும்போதெல்லாம் அம்மா அரிசிப் படியைத் தலைதட்டாமல் குவித்தே அளந்தார். கம்மலைப் பற்றி ஒரு சொல்லும் உதிர்த்ததில்லை.

சித்திரை பிறந்தது. புது ஏடு போடும்போது, பழைய பாக்கிகளைப் பெயர்வாரியாக எடுத்தெழுத வேண்டும். தந்தையார் அந்த 340 ரூபாயை எடுத்தெழுதவில்லை. எவரிடமும் அறிவிக்கவும் இல்லை. இரக்கம் அத்துடன் நிறைவுற்றது என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும்.

சில நாள் கழித்து அப்பெண்மணி கடைக்கு வந்தார். அவர் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் அல்லர். அம்மன் கொடைக்கு விரதம் இருப்பவர். எழுத்தறியாதவர். "எம் பாக்கி எவ்வளவுன்னு வாசிச்சுச் சொல்லுய்யா" என்று என்னிடம் கேட்டார். ஏட்டைப் புரட்டினேன். அவர் கணவர் பெயர் எங்கும் இல்லை. இல்லையென்றேன். அவர் முகம் மலரவில்லை, இறுகியது. தந்தையாரை நோக்கி, "அண்ணாச்சி, அவரு செத்துட்டாரு. நான் இருக்கேம்லா? கடன அடைக்காமப் போனாருன்னு அவருக்குப் பேரு வரப்படாது. எழுதுங்க" என்றார்.

தந்தையார் சிறிது நேரம் அவரையே பார்த்திருந்தார். பிறகு ஏட்டை வாங்கி, ஒரு புதுப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி, 340 எனக் குறித்து, வாய்விட்டுப் படித்தும் காட்டினார். ஓலைப்பெட்டி முடைந்து விற்ற காசிலிருந்து மாதம் 5 ரூபாய் வந்தது. சில மாதங்களில் வரவில்லை. வராத மாதங்களில் தந்தையார் ஒரு முறையும் கேட்டதில்லை. அளக்க வேண்டிய அரிசியை அளக்கத் தவறியதுமில்லை. ஆறாண்டுகளுக்கு மேலாயிற்று. கடைசி 5 ரூபாயைக் கொடுத்த அன்று, அப்பக்கத்தின் குறுக்கே கோடிடுவதைத் தம் கண்ணால் பார்த்த பிறகே அவர் படியிறங்கினார்.

கடனைத் தள்ளுவது மட்டுமே இரக்கம் என்று கருதியிருந்த எனக்கு, கடனைக் கேளாமல் காத்திருப்பதும் இரக்கமே என்பதை அப்பக்கம் உணர்த்தியது. பெறுபவரின் மானத்தைக் காவாத ஈகை, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். பிறர் தரும் தொல்லைகளைப் பொறுத்தல் என்று மறைக்கல்வியில் ஒப்பித்த வரி, ஆறாண்டுக் காத்திருப்பாக என் கண்முன் நின்றது.

கடனுக்கும் இரக்கத்துக்கும் உள்ள உறவு விவிலியத்தில் மிகப் பழையது. ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டு, விற்கப்பட்ட நிலத்தை உரியவருக்குத் திருப்பவும் அடிமைப்பட்டோரை விடுவிக்கவும் லேவியர் நூல் பணிக்கிறது. இம்மரபை நினைவூட்டும் வகையில், திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரையிலான காலத்தை இரக்கத்தின் சிறப்பு யூபிலியாக அறிவித்தார். அன்னை தெரசா புனிதராக அறிவிக்கப்பட்டது அவ்வாண்டின் செப்டம்பர் 4ஆம் நாளில்தான். உலகெங்கும் மறைமாவட்டங்களில் இரக்கத்தின் கதவுகள் திறக்கப்பட்டன. என் நினைவில் எழுந்ததோ, எங்கள் கடையின் பலகைக் கதவு.

மாணவர்களே! இவையெல்லாம் பெரியவர்களுக்குரியவை என்று நீங்கள் எண்ணலாம். தந்தையார் சார்ந்திருந்த அந்தச் சபையைத் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிசு நகரில் அவர்கள் கூடியபோது, அவர்களுள் முதன்மையானவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. ஏழைகளின் இல்லங்களுக்கு எவ்வாறு செல்ல வேண்டும் என்பதை ரொசாலி ரெண்டு என்னும் அருட்சகோதரியிடம் அவர்கள் கற்றுக்கொண்டனர். உங்களைவிட நான்கைந்து வயதே மூத்தவர்கள் தொடங்கிய பணி, கடல் கடந்து ஒரு தேரிக்காட்டுச் சிற்றூரின் துணிப்பையில் வந்து சேர்ந்தது.

உங்கள் கையில் கணக்கேடு இல்லாமல் இருக்கலாம். ஆயினும் ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் ஏடு உண்டு. யார் என்னைப் பழித்தார், யார் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை, யார் என் உதவியை மறந்தார் என்று அதில் வரவு வைத்துக்கொண்டே இருக்கிறோம். உணவு கொண்டுவராத தோழனிடம் காரணம் கேளாமல் பகிர்ந்துண்ணுதல், தேர்வில் தவறியவரின் மதிப்பெண்ணைப் பிறர்முன் பேசாதிருத்தல், ஒருவர் இடறி விழுந்ததைக் கைப்பேசியில் படமெடுக்காமல் கைகொடுத்துத் தூக்குதல் ஆகியவை பதினாறு வயதிலும் இயலக்கூடிய இரக்கச் செயல்கள். இவற்றுக்கு எந்தச் சமயத்தின் அனுமதியும் தேவையில்லை; எல்லாச் சமயங்களின் வாழ்த்தும் உண்டு. நாளைக் காலை வகுப்புக்குள் நுழையும்போது, உங்கள் ஏட்டில் காத்திருக்க வேண்டிய பெயர் எது, கோடிட வேண்டிய பக்கம் எது என்று ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.