சரக்கும் மிடுக்கும்

"ஆளிடம் சரக்கு இருக்கு, சொல்லத்தான் தெரியலை" என்பது ஒரு ரகம். "பேச்சு பிரமாதம், உள்ளே காலி டப்பா" என்பது இன்னொரு ரகம். இருபது வருடமாக வங்கியில் குப்பை கொட்டியதில் இரண்டையும் ஏகத்துக்குப் பார்த்தாயிற்று. இதில் எது தேவலை என்று கேட்டால், கடன் கேட்டு வந்தவருக்கு இரண்டுமே ஒன்றுதான்.

லூதியானாவில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் குளிர்கால வியாபாரத்துக்குக் கோடையிலேயே நூல் வாங்கியாக வேண்டும். அப்படி ஒரு சின்ன யூனிட்டுக்காக இளம் ஆபீசர் ஒருவர் கடன் கமிட்டி முன்னால் நின்றார். கிடைப்பது பத்து நிமிடம். பையன் பேலன்ஸ் ஷீட்டைக் கரைத்துக் குடித்தவன். ஆனால் 24 ஸ்லைடு! தாத்தா காலத்து வரலாற்றில் ஆரம்பித்தான். கையில் உறுதியான ஆர்டர் இருக்கிற சமாசாரம் 19-வது ஸ்லைடில். ஏழாவதிலேயே நேரம் முடிந்தது. "அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம்."

அடுத்து வந்தவர் டை கட்டி, அனிமேஷன் எல்லாம் போட்டு அசத்தினார். கமிட்டியில் ஒரே ஒரு கேள்வி: "வரவேண்டிய பாக்கியில் ஆறு மாசத்துக்கு மேல நிக்கறது எவ்வளவு?" மௌனம். அந்த ஃபைலும் திரும்பியது.

ஸ்வெட்டர்காரர் சீசனை விட மனசில்லாமல் வெளியே அதிக வட்டிக்கு வாங்கி நூல் எடுத்தார். ஸ்லைடு போட்டது பையன், வட்டி கட்டியது அவர்.

இது சின்னக் கதை. பெரிய கதை கொலம்பியா விண்கலம். 2003 ஜனவரியில் கிளம்பும்போதே நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கையில், ஆபத்து உண்டா என்று ஆராய்ந்த இன்ஜினியர்கள் நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு காட்டினார்கள். தலைப்பு தைரியம் சொன்னது. மோதிய துண்டு 1,920 கன அங்குலம் என்று கணக்கு. சோதனை செய்த துண்டோ வெறும் 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! அந்த வரி ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போய்விட்டார்கள். விபத்துக்குக் காரணம் நுரைத்துண்டுதான், ஸ்லைடு அல்ல. ஆனாலும் அதே வருடம் வந்த விசாரணை அறிக்கை அந்த ஸ்லைடைத் தனியே எடுத்து வைத்துக் கண்டித்தது. தகவல் இருந்தது, கண்ணில் படவில்லை.

அதனால் ஜூனியர் பசங்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். யாருக்கு, எவ்வளவு, எதற்கு, எதிலிருந்து திரும்பி வரும், எங்கே உதைக்கும் - இந்த ஐந்தும் முதல் ஸ்லைடிலேயே வரட்டும். கெட்ட செய்தியைக் கடைசிக்குத் தள்ளாதே. மற்ற கணக்கெல்லாம் ஸ்லைடில் வேண்டாம், மண்டையில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துவிடு. முதல் நாள் ராத்திரி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார். பத்து நிமிடம் என்றால் ஆறில் முடி, நாலு நிமிடம் கேள்விக்கு.

"சார், எனக்கு இங்கிலீஷ் சரளமா வராதே?" என்பார்கள். என் ஹிந்தியில் இன்றைக்கும் மதுரை வாடை அடிக்கும். அதற்காக யாரும் கடனைத் திருப்பி அனுப்பியதில்லை ஐயா! மிடுக்கு என்பது உச்சரிப்பில் இல்லை. எதிரே இருப்பவர் எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதை முதலில் சொல்வதுதான் மிடுக்கு. அதற்குச் சரக்கு முழுசாகக் கையில் இருக்கவேண்டும், அம்புட்டுதான் :-)