மலேயாக்காரி அத்தை

பினாங்குத் துறைமுகத்தில் எங்களை வழியனுப்ப வந்தவர்களில் அப்பாவின் மலாய்க்கார நண்பரும் இருந்தார், தோட்டத்து லாரி ஓட்டுபவர். நான் அவரைப் பார்த்து, "செலாமாட் ஜாலான்" என்று கையசைத்தேன். அது இருப்பவர்கள் சொல்வது, கிளம்புகிறவள் 'செலாமாட் திங்கால்' என்றுதான் சொல்லவேண்டும் என்று சிரித்துக்கொண்டே திருத்தினார். பள்ளியில் படித்ததுதான், பதற்றத்தில் மாறிப்போயிற்று. கரை மறையும்வரை சரியானதைச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

1978 டிசம்பர் பள்ளி விடுமுறை அது. எனக்குப் பத்து வயது. தாத்தா, அப்பா, நான், மூவரும் எம்.வி. சிதம்பரம் கப்பலில் மெட்ராஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். (1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. அதோடு நாங்கள் கடல்வழியாக ஊர் பார்க்கிற காலமும் முடிந்தது.) தாத்தா 1937இல் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது, கூடவே வந்த தம்பிக்குப் பதினான்கு. பினாங்கை அடைந்ததும் ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்களாம். நான்கு நாளும் மேல்தளத்தில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

எழும்பூரில் ரயிலேறி, திருச்சியில் இறங்கி, துறையூர் பஸ் பிடித்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் போனோம். பச்சைமலையின் அடிவாரத்தில் சோளக்கொல்லைகளுக்கும் வெங்காயக் காடுகளுக்கும் நடுவே இருந்தது ஊர். இருபுறமும் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்கள் வானத்தை மூடியிருக்கப் பார்த்து வளர்ந்தவள் நான். அத்தனை பெரிய வானத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது.

திண்ணையில் இருந்த கிழவி எழுந்திருக்கவில்லை. தாத்தா அருகே போய்க் குனிந்ததும் அவருடைய தாடையைப் பிடித்துத் திருப்பி, இடமும் வலமும் பார்த்தது. "ரெண்டு வருசத்துல வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தானடா போன?" என்றது. நாற்பத்தொரு வருடம் கழித்து அக்கா தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். தாத்தா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அந்த அக்கா, எனக்கு அப்பாயி, அழவில்லை. "உள்ள வா சாமி, கம்பஞ்சோறு இருக்கு," என்று என்னைப் பார்த்துச் சொன்னது.

டிரங்குப் பெட்டி திறந்ததும் வீடு நிறைந்துவிட்டது. கோடாலித் தைலம், கைலி, நைலக்ஸ் சேலை, டார்ச் லைட், பிஸ்கட் டின். மாமா, சித்தப்பா, பெரியம்மா என்று ஒவ்வொருவராக வந்து என் கன்னத்தைத் தடவிவிட்டு முறையைச் சொன்னார்கள். நான் யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, கதவோரம் நின்ற ஒருத்தியைத் தவிர. எல்லோரும் போனபின் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "சுடா மாக்கான்?" என்று கேட்டாள். சாப்பிட்டாயிற்றா என்று மலாயில்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அவள் சின்னத்தாத்தாவின் மகள், எனக்கு அத்தை முறை. 1952இல் எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தாத்தா தோட்டத்துக் கிராணியிடம் (கணக்கரிடம்) பாரம் எழுதச் சொல்லி, குடிமக்களுக்கான நீல ஐ.சி. (அடையாள அட்டை) வாங்கியிருந்தார். சின்னத்தாத்தாவோ, இன்னும் ரெண்டு வருடத்தில் ஊருக்குப் போகப்போகிறோம், எதற்கு என்று குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி.யோடு இருந்துவிட்டார். 1969 இனக்கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்ற சட்டத்தைக் கண்டிப்பாக அமலாக்கினார்கள். எத்தனையோ ஆயிரம் தோட்டக்காரர்கள் கப்பலேறினார்கள், இவர்களும் ஏறினார்கள். அவர்களை ஊருக்குத் 'திரும்பியவர்கள்' என்று எழுதுவதை இன்றும் என்னால் ஏற்க முடிவதில்லை. அத்தை எங்கிருந்து திரும்பினாள்? பதினெட்டு வயதில், அதுவரை கண்ணால் காணாத ஊருக்கு அவளை அனுப்பினார்கள்.

ஊரில் அவளுக்குப் பெயரே 'மலேயாக்காரி'. கல்யாணமாகி ஒரு பையன் இருந்தான். பகலில் வெங்காயக் காட்டில் தாள் அறுக்கப் போவாள், நானும் பின்னாலேயே போவேன். கூடைகளை எண்ணும்போது அவள் உதடு அசைவதைக் கவனித்தேன். சத்து, டுவா, தீகா, எம்பாட். மற்ற பெண்கள் கேலி செய்வார்கள் என்று சத்தமில்லாமல் எண்ணினாள். "தமிழ்ல எண்ணினா கணக்கு தப்பிடுது கண்ணு," என்றாள்.

இரவில் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். கேள்விகள் ஓயாது. பெரட்டுக்கு ஆளெண்ணுவது இன்னும் விடியுமுன்னேதானா? மாரியம்மன் கோயில் வேப்பமரம் இருக்கிறதா? அவள் பால் வெட்டிய நிரையில் இப்போது யார் வெட்டுகிறார்கள்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கும் இருக்கிறது, இருக்கிறது என்றே சொன்னேன். அந்த நிரையில் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, என் பாவாடைச் சுருக்குப் பையிலிருந்து கித்தாக் கொட்டைகளைக் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். வெயில் காலத்தில் காய் வெடித்துத் தகரக் கூரையில் படபடவென்று விழுமே, பழுப்பில் வெள்ளைக் கோடுகள் ஓடுமே, அந்தக் கொட்டை. அத்தை ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாசற்படிக் கல்லில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். தேய்த்துச் சூடேறியதும் அடுத்தவர் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவள் அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். சூடு ஆறும்வரை எடுக்கவில்லை. மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போனார்.

மீதிக் கொட்டைகளை அவளுக்கே கொடுத்துவிட்டேன். அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாள்.

இருபது நாளும் ஓடிவிட்டன. கிளம்பும் அன்று அப்பாயி திண்ணையைவிட்டு இறங்கி வண்டிவரை வந்து, தாத்தாவின் நெற்றியில் திருநீறு பூசியது. எத்தனை வருடத்தில் வருவாய் என்று இந்தமுறை கேட்கவில்லை. சின்னத்தாத்தா வேப்பமரத்தடியைவிட்டு அசையவே இல்லை. அண்ணனும் தம்பியும் தூரத்திலிருந்தே தலையாட்டிக்கொண்டார்கள்.

அத்தை மட்டும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு துறையூர்வரை வண்டியில் வந்தாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் இருக்கை. கீழே நின்று என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி உறுமியதும் விட்டாள்.

"செலாமாட் திங்கால்," என்றாள்.

தப்பு அத்தை, அது போகிறவர்கள் சொல்வது, நான்தான் சொல்லவேண்டும் என்று கத்துவதற்காகத் தலையை வெளியே நீட்டினேன். அதற்குள் பஸ் திரும்பிவிட்டது. அவள் கையை உயர்த்தியபடியே நின்றுகொண்டிருந்தாள்.