பித்தளை வட்டா

கறுப்பு வெள்ளைப் படங்களில் மோகங்கொண்ட வந்தாறுமூலை மாணவனொருவன், கடன்வாங்கிய பழைய கமராவும் 36 படங்களுக்கான ஒரு சுருளுமாக முதலிற் சென்றது மட்டக்களப்புக் கோட்டைக்கே. அதில் வியப்பில்லை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டையின் மதிலில் காலை வெயில் சாய்ந்து விழும்போது, ஒவ்வொரு வெடிப்பும் கரிய கோடாகத் துலங்கும். வண்ணப் படத்தின் சாயம் காலப்போக்கில் வெளிறிச் செந்நிறமாகிவிடும்; முறையாகக் கழுவி அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளித்துகளோ நெடுங்காலம் நிலைக்கும். இதனையெல்லாம் அவன் நண்பர்க்கு எடுத்துரைத்தவாறே 30 படங்களை அங்கேயே முடித்துவிட்டான்.

எஞ்சிய ஆறும் படுவான்கரையிலுள்ள பெத்தாவின் வீட்டிற்குச் சென்றன. வீட்டுப் பொருள்களைப் படமெடுத்தல் அற்பமான வேலையன்று. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி ஆனந்த குமாரசுவாமி எழுதிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. அவருடன் கிராமங்களுக்குச் சென்று கைவினைப் பொருள்களைப் படமெடுத்தவர் அவர் மனைவி எதெல். அப்பெயரை இன்று எத்தனைபேர் அறிவர்!

மாணவன் தேர்ந்தது வெற்றிலை வட்டாவை. களிம்பேறி, விளிம்பு நெளிந்து, அது மூலையிற் கிடந்தது. 1990இல் ஊர் இடம்பெயர்ந்தபோது பெத்தா சாக்கிலிட்டுச் சுமந்துசென்ற பொருள் அது. சுவரில் தொங்கிய கலியாணப் படத்தைப் பின்னர் வந்து எடுக்கலாமென விட்டுச்சென்றார். திரும்பி வந்தபோது சுவரே இருக்கவில்லை.

களிம்பும் நெளிவுமே படத்திற்கு உயிரென்பது அவன் கட்சி. பெத்தா இசையவில்லை.

"ஊத்தையோடயா படம் பிடிக்கிற? பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவாங்க மனே?"

பறித்துச்சென்று, புளியும் சாம்பலுமிட்டுத் தேய்த்துவிட்டார். கோட்டைக்கு இத்தகைய வாய் இல்லை. அதனாலேயே அதன் சிதைவை எவரும் அழகென்று எடுத்துச்செல்ல முடிகிறது போலும்.

தேய்த்த வட்டாவில் வெயில் கண்கூசத் தெறித்தது. அவன் அதனைத் திண்ணைக்கு நகர்த்தி, வெள்ளை வேட்டியொன்றைத் திரையாகக் கட்டி ஒளியைத் தணித்தான். வெற்றிலையும் பாக்கும் முறையாக அடுக்கப்படும்வரை பெத்தா படமெடுக்க விடவில்லை. ஆறில் ஒன்றுதான் தேறியது. அதிலே விளிம்பின் நெளிவு மட்டும் தேய்ப்புக்கு அடங்காமல் ஓர் ஒளிக்கீற்றாய் நின்றது.

அச்சிட்ட படத்தைப் பெத்தா நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இது பித்தளையெண்டு எப்பிடி மனே தெரியும்?"

அவன் பென்சிலை எடுத்துப் படத்தின் பின்புறத்தில் 'பித்தளை' என்று எழுதினான். அதன்கீழ்ப் பெத்தாவின் பெயரையும் எழுதினான்.