ஐம்பது பைசாவும் ஒரு கூட்டல் குறியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த மேட்டர். தள்ளிப்போட்டதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் பாதி, வெட்கம் பாதி. பொட்டி தட்டாத மக்கள் தலைப்பைப் பாத்து உள்ள வந்திருந்தா பாதியில எஸ்கேப் ஆயிடாதீங்க. டெக்னிகல் சமாச்சாரத்தை முடிஞ்சவரைக்கும் சாதாரணமாத்தான் சொல்லப்போறேன்.

சி++ மொழியில கூட்டல், கழித்தல் மாதிரியான குறிகளுக்கு நாமளே அர்த்தம் குடுக்கலாம். ஆப்பரேட்டர் ஓவர்லோடிங்னு பேரு. அப்புறம் டெம்ப்ளேட்னு ஒண்ணு. கொழுக்கட்டை அச்சு மாதிரி. அச்சு ஒண்ணுதான், உள்ள வைக்கிற பூரணம் தேங்காயா எள்ளாங்கிறது நம்ம இஷ்டம். தனித்தனியா ரெண்டும் சாதுவான பிராணிகள். ஒண்ணா சேர்த்துக் கட்டினா என்ன ஆகும்னுதான் இந்தப் பதிவு.

பில் போடுற ஒரு ப்ராஜெக்ட். நான் 'பணம்'னு ஒரு டெம்ப்ளேட் கிளாஸ் எழுதியிருந்தேன். சாமான் விலை எல்லாம் முழு ரூபாய், அதனால அந்தப் பக்கம் முழு எண். டெலிவரி சார்ஜ் உள்ளூருக்கு 40, வெளியூருக்கு 49.50. அதனால இந்தப் பக்கம் தசம எண். முதல்ல கூட்டல் குறியை யோக்கியமா ஒரே ஒரு வகைக்குத்தான் எழுதினேன். ரெண்டு பக்கமும் ஒரே பூரணமா இருந்தாத்தான் கூட்டும். ரெண்டையும் கலந்து கூட்டப் போனா கம்பைலர் பக்கம் பக்கமா எர்ரர் துப்புச்சு. டெம்ப்ளேட் எர்ரர் பாத்தவங்களுக்குத் தெரியும், அதைப் படிக்கிறதுக்கு ரயில்வே டைம்டேபிள் படிக்கலாம். நான் படிக்கலை. இடதுபக்கத்துக்கு ஒரு வகை, வலதுபக்கத்துக்கு இன்னொரு வகைன்னு ரெண்டாவது டெம்ப்ளேட் வகையைச் சேர்த்தேன். விடை எந்த வகையில வரணும்? இடதுபக்கம் என்ன வகையோ அதே வகையில வரட்டும்னு எழுதிட்டு, கம்பைலர் வாயை அடைச்சாச்சுன்னு டீ குடிக்கப் போயிட்டேன்.

ரெண்டு நாள்ல எங்க டெஸ்டர் ஒரு பக் போட்டாங்க. 'பில்லில் ஐம்பது பைசா குறைகிறது, எப்போதாவது.' நான் உள்ளூர் ஆர்டர் ஒண்ணு போட்டுப் பாத்தேன். சரியா இருந்துச்சு. யூனிட் டெஸ்ட் ஓட்டினேன், எல்லாம் பச்சை. 'என் மெஷினில் வரவில்லை' னு எழுதி மூடிட்டேன். மறுபடி போட்டாங்க, மறுபடி மூடினேன். மூணாவது தடவை போட்டப்ப மீட்டிங்ல எங்க டேமேஜர் (எழுத்துப்பிழை இல்லீங்க) எல்லார் முன்னாடியும் அவங்களைப் பாத்து, "ஐம்பது பைசா காசை யாராச்சும் கண்ணால பாத்து எத்தனை வருஷம் ஆச்சு? வேற வேலை இல்லையா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். 2011-ல செல்லாமப் போனது இருபத்தஞ்சு பைசாவும் அதுக்குக் கீழயும்தான், ஐம்பது பைசா இன்னும் செல்லும்ங்கிறது வேற கதை.

அன்னிக்கு சாயங்காலம் அவங்க என் சீட்டுக்கு வந்தாங்க. சண்டைக்கு வர்றாங்கன்னு நெனச்சேன். "ஏங்க, உங்க டெஸ்டைக் கொஞ்சம் காட்டுங்களேன்" னாங்க. காட்டினேன். பில் போடுற கோடையும் காட்டச் சொன்னாங்க. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "இங்க டெலிவரி சார்ஜ் முன்னாடி இருக்கு, அங்க சாமான் விலை முன்னாடி இருக்கே?" னு கேட்டாங்க.

"கூட்டல்தானேங்க, எதை முதல்ல போட்டா என்ன?" ன்னேன். அதுவும் கொஞ்சம் நக்கலா.

"மாத்திப் போட்டுத்தான் பாருங்களேன்."

போட்டேன். சிவப்பு.

விஷயம் இதுதான். 49.50 கூட்டல் 250ன்னு போட்டா இடதுபக்கம் தசமம், விடை 299.50. 250 கூட்டல் 49.50ன்னு போட்டா இடதுபக்கம் முழு எண், விடை 299. ஐம்பது பைசா காத்துல போச்சு. ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் விரலை மடக்கிச் சொல்லிக்குடுத்த கணக்கை நாலு வருஷ இஞ்சினியரிங் படிச்சு உடைச்சிருக்கேன். விடையை உருவாக்குற இடத்துல வளைவு அடைப்புக்குறிக்குப் பதிலா நெளிவு அடைப்புக்குறி போட்டிருந்தா கம்பைலர் முனகியாவது இருக்கும். அதையும் நான் போடலை. 'வெளியூர் ஆர்டரில் மட்டும்' னு மூணாவது ரிப்போர்ட்ல தெளிவா எழுதியிருந்தாங்க. அந்த வரி வரைக்கும் நான் படிக்கவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடினப்பதான் ஒண்ணு உறைச்சுது. சி++ கூடவே வர்ற காம்ப்ளெக்ஸ் எண் கிளாஸை 2 ஆல பெருக்கினா கம்பைல் ஆகாது, 2.0 ன்னுதான் குடுக்கணும். இடதுபக்கம் தசம வகைன்னு சொல்லுது, வலதுபக்கம் முழு எண்ணுன்னு சொல்லுது, டெம்ப்ளேட் எதையும் தானா மாத்திக்காது. இதுக்காக ஒரு காலத்துல அந்த லைப்ரரி எழுதினவங்களை மனசுக்குள்ள திட்டியிருக்கேன். 2011-ல வந்த க்ரோனோ கொஞ்சம் தாராளம். நொடியையும் மில்லிநொடியையும் எந்த வரிசையில கூட்டினாலும் மில்லிநொடிதான் வரும். அதைத் திரும்ப நொடிக்குள்ள திணிக்கணும்னா நாமளே வாயைத் திறந்து கேக்கணும். அவங்க எல்லாம் இந்தக் கேள்வியை யோசிச்சிருக்காங்க. நான் எர்ரர் வரக்கூடாதுன்னு மட்டும் யோசிச்சேன்.

விடையோட வகையை கம்பைலரே முடிவு பண்ணட்டும்னு டெக்ல்டைப் போட்டா வரிசைப் பிரச்சினை தீர்ந்துடும். ஆனா காசைத் தசமத்துல வைக்கிறதே தப்பு, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா சரியா 0.3 வராத உலகம் அது. அதனால எல்லாத்தையும் பைசாவா, முழு எண்ணா மாத்தினேன். அந்த ரெண்டாவது டெம்ப்ளேட் வகையைத் தூக்கிக் கடாசினேன். பழைய எர்ரர் எல்லாம் வரிசையா திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை ஒண்ணு விடாம படிச்சேன்.

காலைல மூணு பக்கையும் நானே மறுபடி திறந்து, 'தவறு என்னுடையது, ரிப்போர்ட் சரி' ன்னு எழுதி, மீட்டிங்ல இருந்த எல்லாருக்கும் மெயில் போட்டேன். நேர்ல போய் சாரி சொல்றதுக்கு மதியம் வரைக்கும் ஆச்சு. டேமேஜர்கிட்டருந்து பதில் இல்லை. அவங்ககிட்டருந்து மட்டும் ஒரு வரி வந்துச்சு.

'வெளியூர் ஆர்டர் ரிட்டர்ன் ஆனா கழித்தல் வருமே, அதைப் பாத்துட்டீங்களா?'

பாக்கலை. ரிட்டர்ன் பக்கத்துக் கோடைத் திறந்தேன். அங்க கழித்தலுக்குத் தனியா ஒரு பழைய காப்பி, ரெண்டு டெம்ப்ளேட் வகையோட, அப்படியே உக்காந்திருந்துச்சு.