நீறு பூத்த நெருப்பு

இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் தை மாதக் குளிர் கொடியது. விடியலில் தேயிலைத் தளிர்களின்மேல் உறைபனி வெண்மையாகப் படர்ந்திருக்கும். அங்கே தோட்டத்து லயம் ஒன்றில், தாயோடும் பாட்டியோடும் ஒரு சிறுமி வாழ்ந்தாள். பனியில் கருகிய தளிர்கள் பறிக்க உதவா. பறிப்பு குறைந்தால் வீட்டு வருவாயும் குறையும். கருகிய செடிகளைக் கண்ட சிறுமி, "பாட்டி, இந்தப் பூமி ஒருநாள் முழுதும் குளிர்ந்துவிடுமோ?" என்று அஞ்சிக் கேட்டாள்.

பாட்டி அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். முன்னிரவில் மூடிவைத்த தணல் உள்ளே சிவந்து கிடந்தது. "மேலே பார்த்தால் அணைந்தது போலத்தான் இருக்கும், கண்ணு" என்றாள்.

பாட்டி பள்ளி சென்றவள் அல்லள். ஆயினும் அவள் காட்டிய உவமை பொருத்தமானதே. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன், வாயுவும் தூசியும் கலந்த பெருமுகில் ஒன்று தன் ஈர்ப்பினால் சுருங்கியது. அதன் நடுவில் கதிரவன் தோன்றியது. சுற்றிச் சுழன்ற துகள்கள் ஒட்டிக் கற்களாயின. கற்கள் மோதி இணைந்து கோள்களாயின. அம்மோதல்களின் வெப்பத்தால் இளம்பூமி உருகிக் குழம்பாயிற்று. கனமான இரும்பு மையத்தில் அமிழ்ந்தது. அதனாலும் வெப்பம் பெருகியது.

அவ்வெப்பத்தில் ஒரு பகுதி இன்றும் எஞ்சியுள்ளது. பூமியின் மையம் 5,000 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெம்மை உடையது. யுரேனியம், தோரியம் முதலியவற்றின் கதிரியக்கச் சிதைவும் உள்ளே இடைவிடாது வெப்பம் தருகிறது. தோரியத்தில் பாதி சிதைவதற்கே ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். கேரளத்துச் சவராவிலும் தமிழகத்து மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் மோனசைட் மணலில் இத்தோரியம் உண்டு. மலைப்பாறைகள் சிதைந்து, ஆறுகள் கடலில் சேர்த்த மணல் அது.

சிறுகிண்ணத்துக் கஞ்சி விரைவில் ஆறிவிடும். பெரும்பானைக் கஞ்சி நெடுநேரம் சூடாயிருக்கும். அதுபோலச் சிறிய நிலவு தன் உள்வெப்பத்தைப் பெரிதும் இழந்தது; பெரிய பூமியோ இன்னும் காத்துவைத்திருக்கிறது.

ஆனால், தளிரைக் காப்பது அவ்வுள்வெப்பம் அன்று. பாறைகளைக் கடந்து மேலே வருவது மிகச் சிறிதே. நிலப்பரப்பைச் சூடாக்குவது கதிரவன். அச்சூட்டைப் போர்வைபோல் காப்பது வளிமண்டலம். மேகமற்ற இரவில் சூடு விரைந்து வெளியேறுவதாலேயே உறைபனி படிகிறது.

வெயில் ஏறியதும் பனி உருகியது. கருகாத தளிர்களைத் தேடி அம்மா கூடையுடன் புறப்பட்டாள். சிறுமி, தணலை மீண்டும் சாம்பலால் மூடிவைத்தாள்.

அருஞ்சொற்பொருள்
நீறு – சாம்பல்
தணல் – கனன்ற நெருப்பு
முகில் – மேகம்

விடை எழுதுக
1. பூமி உள்ளே வெப்பமாக இருப்பதற்கான காரணங்கள் யாவை?
2. மேகமற்ற இரவில் உறைபனி படிவது ஏன்?
3. பாட்டி சாம்பலைக் கிளறிக் காட்டியதன் கருத்து யாது?